லோகோ தயார், ஆடை எங்கே?

"லோகோ முடிந்துவிட்டது, பெட்டி அச்சாகிவிட்டது, படப்பிடிப்புக்குத் தேதியும் குறித்தாயிற்று. இனி ஆடைகள் மட்டும்தான் பாக்கி." புதிதாக ஆடை நிறுவனம் தொடங்குகிறவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வந்து இப்படிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அண்மையில் வந்த இளம் தம்பதி, சேமிப்பின் பெரும்பகுதியை லோகோவுக்கும் பெட்டிக்கும் விளம்பரப் படங்களுக்கும் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு மாதிரிச் சட்டையுடன் வந்தார்கள். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே மேலே ஏறியது. சட்டையில் கை இணையும் வளைவான கைக்குழியைத் தேவைக்கு மேல் ஆழமாக வெட்டியதன் விளைவு அது. துணியை வெட்டுவதற்கான அளவு வடிவத்தை (பேட்டர்ன்) வரைந்து தரும் பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் பார்த்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். அவர்கள் இருவருமே அந்தச் சட்டையை அதுவரை அணிந்து பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மீது இல்லை, லோகோ இருந்தால் பிராண்ட் வந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மீது.

எத்தனை முறை ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: லோகோ பிராண்ட் ஆகாது. எழுத்துருவை மாற்றினால் வெட்டு சீராகாது. பொன்னிறத்தில் அச்சடித்தால் துணியின் தரம் கூடாது. ஐரோப்பியப் பெயர் வைத்தால் தோள் சரியாக உட்காராது. ஒரு நிறுவனம் ஒவ்வொரு ஆடையிலும் விடாமல் எடுக்கும் முடிவுகள்தான் அதன் அடையாளம்: தோள் எங்கே முடிய வேண்டும், இடுப்பு எங்கே விழ வேண்டும், எந்தத் துணியைத் தொடவே மாட்டோம், உட்புறத் தையலை எப்படி முடிப்போம். இவற்றை முடிவு செய்யாதவர்களிடம் இருப்பது ஒரு படம் மட்டுமே.

பெயர்ப்பட்டை எப்படி வந்தது என்று பாருங்கள். சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் 1858இல் பாரிஸில் தன் ஆடையகத்தைத் தொடங்கினார். அதுவரை எப்படித் தைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்வார், தைப்பவர் கேட்டுத் தைப்பார். வொர்த் தானே வடிவத்தை முடிவு செய்து, மாடல் பெண்களுக்கு அணிவித்துக் காட்டி, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார். தன் பெயர் கொண்ட பட்டையை ஆடைக்குள் தைக்கும் வழக்கத்துக்கும் அவரே முன்னோடி. வடிவத்தின் மீது அதிகாரம் இருந்ததால்தான் அந்தப் பட்டைக்குப் பொருள் இருந்தது. லூயி வுய்ட்டான் நிறுவனத்தின் கதையும் இதுவே. 1854இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய தட்டையான மூடி கொண்ட பயணப் பெட்டிகளால் பெயர் பெற்றது. பிறர் அவற்றைப் போலச் செய்து விற்கத் தொடங்கினார்கள். போலிகளைத் தடுக்கத்தான் நிறுவனரின் மகன் ஜார்ஜ் 1896இல் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிய, இன்று உலகம் அறிந்த மோனோகிராமை உருவாக்கினார். முதலில் பெட்டி, பிறகு போலி, அதற்கும் பிறகுதான் சின்னம். நம்மவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள்.

ஆடை வடிவமைப்பாளர் மார்ட்டின் மார்ஜியெலா 1988இல் தொடங்கிய நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. அவருடைய ஆடைகளில் இருந்தது எழுத்தே இல்லாத வெள்ளைத் துணித்துண்டு. நான்கு மூலைகளில் நான்கு வெள்ளைத் தையல்கள், வேண்டாதவர் பிரித்து எடுத்துவிடலாம். ஆனாலும் அவருடைய ஆடையை அறிந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். பெருவிரலைத் தனியே பிரித்த அவருடைய காலணிகளுக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. ஷனெல் ஜாக்கெட்டின் கீழ்மடிப்புக்கு உள்ளே ஒரு மெல்லிய சங்கிலி ஓடும். ஜாக்கெட் மேலே ஏறாமல் நேராக விழுவதற்காக வைக்கும் எடை அது. வெளியே யாருக்கும் தெரியாது, அணிந்தவருக்குத் தெரியும். அடையாளம் என்று நான் சொல்வது அந்தச் சங்கிலியை.

பிறகு ஏன் பெரிய நிறுவனங்கள் சின்னத்தை இவ்வளவு பெரிதாகப் போடுகின்றன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு காரணம் சட்டம். அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆடையின் வெட்டுக்குப் பதிப்புரிமை பெறுவது மிகக் கடினம். பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக்குறி (டிரேட்மார்க்) பாதுகாப்பு கிடைக்கிறது. காலணி வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் லூபூத்தானின் காலணிகளுக்குரிய சிவப்பு அடிப்பாகத்தை 2012இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வணிகக்குறியாக ஏற்றது, அதுவும் காலணியின் மேற்பகுதி வேறு நிறத்தில் இருந்தால் மட்டும். காப்பாற்ற முடிந்ததைத்தான் அவர்கள் முன்னால் நிறுத்துகிறார்கள். அந்தச் சின்னத்துக்குப் பின்னால் பல தலைமுறை உழைப்பு இருக்கிறது. உங்களுடையதற்குப் பின்னால் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கே கூட இது ஆபத்துதான். பர்பெரி ஆடை நிறுவனத்தின் கட்டம் போட்ட துணி 1920களில் மழைக்கோட்டின் உட்துணியாக வந்தது. பின்னாளில் தொப்பி, கைக்குட்டை என எல்லாவற்றிலும் ஏறி, போலிகளும் பெருகி, கடைசியில் நிறுவனமே அதை வெளியே காட்டுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டன் தன் பெயரை நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு உரிமம் கொடுத்தார். வருமானம் குவிந்தது, பெயரின் அரிய தன்மை போயிற்று.

அடுத்து ஸ்டைலிங், அதாவது எதை எதோடு சேர்த்து எப்படி அணிவித்துக் காட்டுவது என்ற வேலை. இதை அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. வடிவமைப்பாளர் இவ் சான் லோரான், ஆண்கள் மாலை விருந்துக்கு அணியும் கோட்-சூட்டான டக்ஸீடோவைப் பெண்களுக்காக 1966இல் கொண்டுவந்தார். அதைப் பற்றி நினைத்ததும் இன்று பலர் மனதில் எழும் காட்சி, புகைப்படக் கலைஞர் ஹெல்மட் நியூட்டன், அதை அணிந்த பெண்ணை 1975இல் பாரிஸின் இரவுத் தெருவில் எடுத்த படம். ஆடைக்கும் படத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். வாரிய தலைமுடி, சிகரெட், ஆளில்லாத தெரு ஆகியவை அந்த ஆடைக்கு ஒரு குணத்தைக் கொடுத்தன. 1980களில் லண்டனில் ஸ்டைலிஸ்ட் ரே பெட்ரி விமானப்படை ஜாக்கெட்டையும் விளையாட்டு உடையையும் கோட்டையும் கலந்து அணிவித்து, ஆண்கள் உடுத்தும் விதத்தையே மாற்றினார். இருப்பதைச் சேர்த்த விதம்தான் அவருடைய படைப்பு. ஸ்டைலிஸ்ட் பெயரைப் போடாமல் படத்தை வெளியிடும் நிறுவனங்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஸ்டைலிங் வெட்டின் குறையைத் தீர்க்காது, ஒரு மணி நேரத்துக்கு மறைக்கும். படப்பிடிப்பில் மாடலின் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு ஆடையை இறுக்குவதும், உள்ளே ஊசி குத்துவதும் எங்கள் தொழிலில் அன்றாட வேலை. அந்தப் படத்தை நம்பி வாங்குகிறவரின் முதுகில் யாரும் கிளிப் போடப்போவதில்லை. ஆடை திரும்பி வரும். இதில் வருத்தம் என்னவென்றால், சொந்தப் படத்தைப் பார்த்து முதலில் ஏமாறுகிறவர் பெரும்பாலும் நிறுவனத்தின் உரிமையாளர்தான்.

ஆகவே, தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். மாதிரி ஆடையை நீங்களே ஒரு நாள் முழுக்க அணியுங்கள். உட்காருங்கள், குனியுங்கள், கையைத் தூக்குங்கள். பலமுறை துவையுங்கள். வெவ்வேறு உடல்வாகு உள்ளவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் எங்கே இழுத்துச் சரிசெய்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இடத்தில்தான் பேட்டர்ன் தவறியிருக்கிறது. எல்லா மாதிரிகளிலும் லேபிளைப் பிரித்துவிட்டு ஒன்றாகத் தொங்கவிட்டு, உங்களை அறியாத ஒருவரிடம் இவை ஒரே கையிலிருந்து வந்தவையா என்று கேளுங்கள். தயங்கினால் படப்பிடிப்பை ஒத்திப்போடுங்கள். ஒவ்வொரு ஆடைக்கும் கிளிப் இல்லாத படம் ஒன்றாவது எடுங்கள். முதலில் பேட்டர்ன் மாஸ்டருக்குப் பணம் கொடுங்கள், மிஞ்சியதில் மற்றவை. வீட்டை அடகு வைத்து விளம்பரம் செய்ய வேண்டாம், இதை மன்றாடிக் கேட்கிறேன்.

லேபிள் நெய்யக் கொடுப்பதற்கு முன் பெயரை வணிகக்குறிப் பதிவேட்டில் தேடுங்கள். அதே வகைப் பொருளுக்கு அது வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தால், நெய்து வந்த அத்தனை லேபிளையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும். தைத்து முடித்த ஆடைகளிலும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.