தட்டில் செத்தது உடம்பில் சாகுமா?

"மலை மூலிகைச் சாறு மார்பகப் புற்றுநோயை 48 மணி நேரத்தில் கொல்கிறது, ஆய்வகத்தில் நிரூபணம்!" இந்த ரகத்தில் ஒரு செய்தி வராத வாட்ஸ்அப் குடும்பக் குழு சேலத்தில் இருக்காது. மலையின் பெயர்தான் மாறும்: ஒரு மாதம் ஏற்காடு, அடுத்த மாதம் கொல்லிமலை. நான் நோயியல் மருத்துவர், திசுவையும் செல்லையும் நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவள். ஊசி டெஸ்ட்டுக்கு வரும் பெண்கள் சிலர் போனை என் பக்கம் திருப்பி, "இது நெசங்களா டாக்டரம்மா?" என்று கேட்பார்கள். பொய் என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. அப்படி ஒரு ஆய்வு நடந்திருக்கலாம், செல்களும் செத்திருக்கலாம். அவை எங்கே இருந்துகொண்டு செத்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் பிளாஸ்டிக் தட்டில். அதிலும் உலகம் முழுக்கப் புழங்கும் எம்சிஎஃப்-7 என்ற செல்வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், மார்பகப் புற்றுநோய் முற்றிய ஒரு பெண்ணின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்து வளர்த்து, 1973-ல் அறிவித்த செல்கள் அவை. அரை நூற்றாண்டாகத் தட்டில் தட்டையாகப் படுத்துப் பெருகிப் பழகியவை. அவற்றின் மேல் உப்புக் கரைசலைக் கெட்டியாக ஊற்றினாலும் சாகும், பினாயிலை ஊற்றினாலும் சாகும்.

உடம்பில் இருக்கும் கட்டி வேறு. அறுவை அரங்கிலிருந்து வரும் மார்பகத்தை மேஜையில் வைத்து நாங்கள் துண்டு போடுவோம். கொழுப்புப் பகுதியில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கட்டியைத் தொட்டதும் பழுக்காத கொய்யாவை நறுக்குவதுபோல நறநறவென்று தடுக்கும். வெட்டிய முகம் வெளுத்து, உள்வாங்கி நிற்கும். அந்தக் கடினம் புற்றுச் செல்களால் வருவதில்லை. அவற்றைச் சுற்றி இறுகிக் கிடக்கும் கொலாஜன் என்ற புரத நார்களால் வருவது. எலிகளில் அளந்து 2005-ல் வெளியான ஆய்வில், சாதாரணப் பால்சுரப்பித் திசுவைவிடக் கட்டி 20 மடங்குக்கு மேல் விறைப்பாக இருந்தது. பிளாஸ்டிக் தட்டோ அந்தக் கட்டியைவிடவும் லட்சக்கணக்கான மடங்கு விறைப்பு. செல்கள் தாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் விறைப்பை உணர்ந்து நடத்தையை மாற்றிக்கொள்பவை. அப்படியிருக்க, தட்டில் கிடைத்த பதிலை உடம்பின் பதிலாக எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் செல் நீக்கிய திசுச் சாரம் என்ற முறை வந்தது. சாரம் என்றால் பிழிந்த சாறு இல்லை; கட்டடத்துக்குக் கட்டுவார்களே, அதுபோலச் செல்களைத் தாங்கி நிற்கும் நார்க்கூடு. நோயாளியின் சம்மதத்தோடு, நோயறிதலுக்கு எடுத்ததுபோக மிஞ்சிய கட்டித் துண்டை எடுக்கிறார்கள். திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டால் புரதங்கள் பிணைந்து இறுகிவிடும் என்பதால் புதிதாகவோ உறைநிலையிலோ எடுப்பார்கள். பிறகு எஸ்டிஎஸ் போன்ற சோப்புக் கரைசலில் நாள்கணக்கில் ஆட்டி ஆட்டிக் கழுவுவார்கள். எஸ்டிஎஸ் வேறொன்றுமில்லை, நம் பற்பசையிலும் ஷாம்பூவிலும் நுரை தரும் அதே சரக்குதான். செல்களின் சவ்வு கரைந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியேறும். மார்பகத்தில் கொழுப்பு பெரிய தொல்லை, அதைத் தனியாகக் கரைத்தெடுக்க வேண்டியிருக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎன்ஏவை நொதி போட்டுச் சிதைப்பார்கள். கடைசியில் வெளுத்த, பாதி ஒளி ஊடுருவும் ஒரு துணுக்கு மிஞ்சும். அதைச் சீவிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்பு நார்கள் மட்டும் அப்படியே வரிசை குலையாமல் இருக்கும். செல் கருக்களின் நீலப் புள்ளி ஒன்றுகூடத் தெரியக் கூடாது. உலர் எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்கும் குறைவாக டிஎன்ஏ இருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

காலியான அந்தச் சாரத்தில் அதே எம்சிஎஃப்-7 செல்களைக் குடியேற்றினால் அவை வேறு ஆளாகிவிடுகின்றன. ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து சாரம் செய்து 2020-ல் வெளியிட்ட முடிவில், செல்கள் பெருகுவது குறைந்தது, தண்டுச் செல் குணமும் (தன்னைத் தானே புதுப்பித்து மறுபடி கட்டியை முளைக்கவைக்கும் தன்மை) இடம்பெயரும் குணமும் கூடின. எந்த நோயாளியின் சாரம் என்பதைப் பொறுத்து இந்த மாற்றம் வேறுபட்டது. கீமோ மருந்துகள் பலவும் வேகமாகப் பெருகும் செல்லைத்தான் குறிவைக்கின்றன. மெதுவாகப் பெருகுவது தப்பித்துக்கொள்ளும். தட்டில் சுருண்டு விழுந்த செல் சாரத்துக்குள் அதே மருந்தைத் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

சாரமும் முழு உடம்பு ஆகாது. ரத்த ஓட்டம் இல்லை, கல்லீரல் இல்லை, எதிர்ப்புச் செல்களும் நாமே சேர்த்தால்தான் உண்டு. கழுவும்போது, செல்லை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் சிலவும் சேர்ந்தே போய்விடும். சாரத்தில் வென்ற மருந்தும் அதற்குப் பிறகு விலங்கு, மனிதர் என்று படிப்படியாகத்தான் வர வேண்டும்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு இன்று ஏற்றும் பாக்லிடாக்செல், அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. பட்டையை 1962-ல் சேகரித்தார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-ல், மார்பகப் புற்றுநோய்க்கு 1994-ல். அந்த 30 வருட வேலையை ஒரு ஃபார்வர்டு செய்தி தாண்டிக் குதித்துவிடப் பார்க்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

ஒரு அக்கா கேட்டார்: "ஊசி குத்துனா பரவிருமாமே, அதுக்கு இந்தச் சாறையே ரெண்டு மாசம் குடிச்சுப் பாக்கலாங்களா?" ஊசி குத்துவதால் நோய் முற்றிப் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. குடித்துப் பார்க்கும் இரண்டு மாதம் கட்டிக்குத்தான் லாபம். வலி இல்லாத கட்டி, உள்ளிழுத்த காம்பு, ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி விழுந்த தோல், அக்குளில் நெறி: எது இருந்தாலும் மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும், ஸ்கேனோ மேமோகிராமோ எடுக்கட்டும், தேவையென்றால் பயாப்ஸி. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே வரலாம். ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து வருபவர்கள் பஸ்ஸைப் பிடித்து வருவதற்குள் பாதி நாள் போய்விடும், தெரியும். அதனால் பழைய ரிப்போர்ட், ஸ்லைடு, உங்கள் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை எதையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள். எந்த மருந்து பொருந்தும் என்று சொல்லும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 சோதனைகளைப் பல சமயம் அந்தக் கட்டையிலேயே செய்துவிடலாம்.

ஏற்கெனவே கஷாயம் ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் கீமோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாக்லிடாக்செல்லைக் கையாள்வது கல்லீரல். கஷாயத்தையும் அதே கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். யாரும் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், நீங்கள் என்ன குடித்தீர்கள் என்பது கேஸ் ஷீட்டில் ஏறியாக வேண்டும்.