பந்து போன பிறகுதான் மூளைக்குச் செய்தி வரும்

1999 பிப்ரவரியில் ஆப்பிரிக்க சூப்பர் கோப்பைக் கால்பந்து ஆட்டம் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் நடந்தது. எதிரணி துனிசியாவின் எஸ்பெரான்ஸ், கண்டத்தின் பலம் வாய்ந்த கிளப்புகளில் ஒன்று. உள்ளூர் அணியான அசெக் மிமோசா, முந்தைய டிசம்பரில்தான் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வென்றிருந்தது. ஆனால் அன்று மஞ்சள்-கறுப்புச் சீருடையில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் மீசை அரும்பிய பையன்கள். கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்தவர்கள். கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தை 3-1 என்று வென்று காட்டினார்கள்.

பின்னாளில் ஐரோப்பிய கிளப்புகளில் புகழ்பெற்ற கோலோ தூரே, யாயா தூரே, திதியே ஸொகோரா, இம்மானுவேல் எபுவே, சாலமன் கலூ, ஜெர்வீன்யோ எல்லோரும் அந்த அகாடமியின் பிள்ளைகளே. 2006இல் ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனபோது, அணியில் பலர் சிறுவயதில் ஒரே மைதானத்தில் பழகியவர்களாக இருந்தார்கள். ஒரே நகரத்தின் ஒரே கிளப்பிலிருந்து இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? ‘ஆப்பிரிக்கர்களின் இயற்கைத் திறமை’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிப்பதில்லை. அங்கே நடந்த கடும் உழைப்பையும் ஒரு தெளிவான கற்பித்தல் முறையையும் அது ஒரே வரியில் மறைத்துவிடுகிறது.

1948இல் தொடங்கிய கிளப் அது. 1989இல் ரோஜே வெனியான் தலைவரானபின் 1994 வரை உள்நாட்டு லீக்கில் தொடர்ந்து 108 ஆட்டங்கள் தோல்வியே காணவில்லை. அந்த உச்சத்தில்தான் பிரான்ஸின் முன்னாள் வீரர் ழான்-மார்க் கியூவை அழைத்துவந்து அகாடமியைத் தொடங்கினார்கள். கியூ கான் நகர அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது அவருக்கு உதவியாளராக இருந்தவர், பின்னாளில் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்குப் பயிற்சியாளரான ஆர்சன் வெங்கர். கோலோ தூரே 2002இல் ஆர்சனலுக்குப் போன பாதை இந்த நட்பில் தொடங்கியது. காயல் கரையில் இருக்கும் சோல் பெனி வளாகத்தில் பையன்கள் தங்கிப் படித்தார்கள். பள்ளிப் பாடமும் உண்டு, பந்தும் உண்டு. காலணி மட்டும் கிடையாது. முதல் சில ஆண்டுகள் வெறுங்காலோடுதான் ஆட வேண்டும்.

காலணி வாங்கப் பணம் இல்லாததால் வந்த ஏற்பாடு அல்ல இது. கியூ வேண்டுமென்றே வைத்த விதி. இதற்குள் இருக்கும் அறிவியல்தான் இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது.

உதைக்கும்போது பாதமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ 10 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. காலில் பட்ட தொடு உணர்வு நரம்பு வழியாக முதுகுத்தண்டில் ஏறி மூளையின் புறணியை, அதாவது அதன் மேலடுக்கை, எட்டவே சுமார் 40 மில்லி விநாடி ஆகிறது. அதைப் புரிந்துகொண்டு மூளை தசைக்குக் கட்டளை அனுப்ப இன்னும் நேரம் வேண்டும். ஆக, ‘பந்து காலில் பட்டது’ என்று மூளைக்குத் தெரியவரும்போது பந்து காலை விட்டுப் போய்விட்டிருக்கும். பட்ட பிறகு திருத்திக்கொள்ள வழியே இல்லை. கணுக்காலை எவ்வளவு தளர்த்துவது, பாதத்தை எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதெல்லாம் பந்து வந்து சேர்வதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். நல்ல கட்டுப்பாடு என்று நாம் வியப்பது, உண்மையில் ஒரு நல்ல முன்கணிப்பு.

இந்த முன்கணிப்பில் பெரும்பங்கு சிறுமூளைக்கு. எதிர்பார்த்த உணர்வையும் உண்மையில் வந்த உணர்வையும் அது ஒப்பிடுகிறது. இடைவெளி இருந்தால் அடுத்த முறைக்கான கணக்கை மாற்றிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான முறை இது நடக்கும்போது கணக்கு துல்லியமாகிறது. அப்படியென்றால் பிழை பற்றிய செய்தி எவ்வளவு தெளிவோ, அவ்வளவு நன்றாகக் கற்கலாம். பாதத்தின் தோலில் அழுத்தம், அதிர்வு, இழுவிசை ஆகியவற்றைத் தனித்தனியே பிடிக்கும் நான்கு வகைத் தொடு உணர்விகள் இருக்கின்றன. வெறுங்காலில் பந்து பட்டால், பெருவிரல் மூட்டில் பட்டதா, அதற்கு ஒரு விரற்கடை மேலே பட்டதா என்பது துல்லியமாகத் தெரிகிறது. தடித்த காலணிக்குள் அந்த விவரம் மங்கிவிடும். கையுறை போட்டுக்கொண்டு பூத்தொடுப்பது போலத்தான்.

வலிக்கும் இதில் பங்கு உண்டு. வெறும் விரல்நுனியால் பந்தைக் குத்திப் பார்த்த பையன் மறுமுறை அப்படிச் செய்ய மாட்டான். பாதத்தின் உட்பக்கத்தையும் மேற்பக்கத்தையும் தேடிப் பழகுவான். வரும் பந்தோடு காலையும் சற்றே பின்னிழுத்து அதன் வேகத்தை உறிஞ்சப் பழகுவான். தொடும் நேரம் சற்று நீளும்போது விசை குறைகிறது, பந்து துள்ளாமல் அடங்குகிறது. பயிற்சியாளர் வாயால் சொல்லவேண்டிய பாதியை அந்த விதியே சொல்லிவிடுகிறது.

கால் தானாக இயங்கத் தொடங்கினால் என்ன லாபம்? 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரேசிலின் நெய்மாரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பாதத்தை அசைக்கச் சொன்னார்கள். மற்ற விளையாட்டு வீரர்களைவிடவும், வேறு கால்பந்து வீரர்களைவிடவும் அவர் மூளையில் பாதத்தை இயக்கும் பகுதி குறைவாகவே கிளர்ந்தது. ஒரே ஒருவரின் மூளை என்பதால் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் தர்க்கம் தெளிவு: காலைக் கவனிக்கத் தேவையில்லாதவன் தலையை நிமிர்த்தலாம். பந்து வருவதற்கு முன் சுற்றிலும் அடிக்கடி பார்த்துக்கொள்ளும் நடுக்கள வீரர்கள் முன்னோக்கிய பாஸ்களைச் சரியாகக் கொடுக்கிறார்கள் என்று களப்பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. யாயா தூரே நடுக்களத்திலிருந்து தலை நிமிர்ந்தபடி பந்தோடு ஓடிவந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் வெறுங்கால்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஏராளமான சிறுவர்களிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடியவர்களை மட்டுமே எடுத்த அகாடமி அது. அதே பையன்கள் காலணியோடு ஆடியிருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று ஒப்பிட இன்னொரு குழு இல்லை. தேர்வு முறையே பெரிய விஷயம். பன்னிரண்டு வயதில் இரு சிறுவர்களின் எலும்பு வளர்ச்சியில் சில ஆண்டுகள் வித்தியாசம் இருக்கலாம். பல அகாடமிகள் அந்த வயதில் உயரமாகவும் வேகமாகவும் இருப்பவனைத் திறமைசாலி என்று எடுத்துக்கொண்டு, பின்னால் மலரப்போகும் பொடியனை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. உடல்வலுவைவிடப் பந்தோடு உள்ள பழக்கத்தைப் பார்க்கும் தேர்வில் அந்தப் பொடியனுக்கும் இடம் கிடைக்கிறது.

பணக்கணக்கையும் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்கு முன் வீரரை வேறு நாட்டுக்கு மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தடை செய்கிறது. பின்னாளில் அவர் ஒப்பந்தம் முடிவதற்குள் பெருந்தொகைக்குக் கைமாறும்போது, அதில் 5 விழுக்காடு 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 வயது சீசன் முதல் 18 வயது சீசன்வரை ஒரே கிளப்பில் இருந்தவர் 1 கோடி யூரோவுக்கு மாறினால், அந்த சீசன்களுக்காக அந்தக் கிளப்புக்குக் கிடைக்கும் பங்கு இரண்டரை லட்சம் யூரோ. ஐரோப்பிய கிளப்புக்குச் சில்லறை. அபிஜானில் பல பிள்ளைகளின் சோறும் படிப்பும். வளர்ப்பவருக்கு இந்தப் பங்கு மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

கியூ பின்னர் அசெக்கை விட்டு விலகினார். அகாடமி தொடர்ந்தது. அவரோ மாலி, அல்ஜீரியா, வியட்நாம் என்று அதே வெறுங்கால் விதியைக் கொண்டுபோனார். அல்ஜீரியாவில் பாரடு கிளப்போடு சேர்ந்து நடத்திய அகாடமியிலிருந்து ராமி பென்செபைனி போன்றவர்கள் ஐரோப்பிய லீக்குகளை எட்டினார்கள். மண்ணும் மொழியும் வேறாக இருந்த இடத்திலும் விளைச்சல் வந்ததுதான், இந்த முறைக்கு இதுவரை கிடைத்திருக்கும் நல்ல சாட்சி.