ஏழைக்குக் கொடுப்பது காணிக்கையா, ஈகையா?

2025 மார்ச் 28 அன்று நிலநடுக்கம் மியன்மாரின் மண்டலேயையும் சகாயிங்கையும் குலைத்துப்போட்டது. அதன்பின் யாங்கோனில் நான் கேட்கும் சபை அறிவிப்புகளில் ‘நிலநடுக்கக் காணிக்கை’ என்றொரு தொடர் புகுந்தது. இப்போது அது ‘விதவைகளுக்குக் காணிக்கை’, ‘ஏழைகளுக்குக் காணிக்கை செலுத்துவோர்’ என்று வளர்ந்துவிட்டது. வீடிழந்தவனுக்கு அரிசி வாங்கித் தரும் பணத்துக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அதற்கு ஈகை என்ற பழுதில்லாத தமிழ்ச் சொல் இருக்கிறது.

சொற்பிறப்பில் சிக்கல் ஏதுமில்லை. ‘ஈ’ என்ற வினையடியிலிருந்து வந்தது ஈகை. வள்ளுவரே இலக்கணம் வகுத்துவிட்டார்: ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’, மற்றதெல்லாம் திரும்பப் பெறும் நோக்குடைய கைம்மாற்று. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் விருந்துக்கு ஏழைகளையும் ஊனரையும் அழைக்கச் சொல்லும் இயேசு, ‘அவர்கள் உனக்குப் பதில் செய்யமாட்டார்கள்’ என்பதையே காரணமாகக் காட்டுகிறார். மத்தேயு 6இல் ஏழைக்கிடும் உதவிக்கு வரும் கிரேக்கச் சொல் எலெயேமொசுனே. இரக்கம் என்னும் பொருளுடைய எலெயோஸிலிருந்து பிறந்தது.

காணிக்கையோ ‘காண்’ என்பதிலிருந்து வந்தது. அரசனையோ தெய்வத்தையோ காணப் போகிறவன் வெறுங்கையோடு போகாமல் கொண்டுபோய் வைக்கும் பொருள் அது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பிள்ளையாகிய இயேசுவைக் ‘கண்டு’, பணிந்து, பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் காணிக்கையாக வைத்ததாக நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு சொல்கிறது. அங்கே அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமாக அமர்ந்திருக்கிறது! கீழே இருப்பவன் மேலே இருப்பவருக்கு வைப்பது காணிக்கை. பசித்தவனுக்கு நாம் வைப்பது சோறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. படித்தவர்களே சொல்வதால் அதைத் தள்ளிவிட முடியாது. ‘மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்’ என்று மத்தேயு 25 சொல்கிறதே, ஏழைக்குக் கொடுத்தது கர்த்தருக்குக் கொடுத்ததுதானே, பிறகு ஏன் அதைக் காணிக்கை என்னக் கூடாது என்கிறார்கள். அதே அதிகாரத்தில் நீதிமான்கள் கேட்கும் கேள்வியை இவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டு உமக்குப் போஜனங்கொடுத்தோம்?’ அவர்கள் ஆண்டவரைக் காணவே இல்லை. கண்டது பசித்தவனை, கொடுத்ததும் அவன் பசிக்காக. காணாதவருக்கு வைத்த காணிக்கை என்று ஒன்று உண்டா? அவர்களுடைய செயலின் அழகே அந்த அறியாமையில்தான் இருக்கிறது. காணிக்கை என்று பெயரிட்ட உடனே அது போய்விடுகிறது.

மாற்கு 7 இன்னும் கடுமையானது. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் ‘கொர்பான் என்னும் காணிக்கை’ என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு கண்டிக்கிறார். உதவிக்கும் காணிக்கைக்கும் நடுவே கோடு கிழித்தவர் அவரே. அந்தக் கோட்டை நம் அறிவிப்புத் தாள்கள் அழிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. கணக்கிலும் குழப்பம் வருகிறது. ‘காணிக்கை’ என்ற ஒரே தலைப்பில் சேரும் பணத்தில் எது சபைக் கூரை வேய்வதற்கு, எது சகாயிங்குக்கு என்று யார் சொல்வது?

குழப்பத்தின் வேர் பர்மிய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பர்மியரின் ‘அலூ’ பரந்த சொல். துறவிக்கு இடும் சோறு, பகோடாவுக்கு ஒட்டும் பொன்தகடு, பிள்ளையை இளந்துறவியாக்கும் ஷின்பியூ விழா, மருத்துவமனையில் கொடுக்கும் இரத்தம் எல்லாமே அலூதான். உலகக் கொடைப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை இந்நாடு முதலிடத்தில் நின்றதற்கு அந்தச் சொல்லின் பின்னாலுள்ள வாழ்க்கையே காரணம் என்று நம்புகிறேன். பர்மிய மொழிக்கு அது குறையில்லை. ஆனால் பர்மிய அறிவிப்பைத் தமிழாக்குகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைப் பையில் விழும் அலூவைக் காணிக்கை என்று பெயர்த்த பழக்கத்தில், எல்லா அலூவையும் காணிக்கை ஆக்கிவிட்டார்கள். தமிழுக்கு இருக்கும் பகுப்பை ஏன் இழக்க வேண்டும்?

‘தர்மம்’ போதாதா என்று மூத்தோர் கேட்கிறார்கள். பழைய வேதாகமம் தர்மம் என்றே எழுதியது. அப்போஸ்தலன் பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த நிதி அதில் ‘தர்மப்பணம்’. எபிரேயத்தின் ட்செதாக்கா நீதியையும் ஏழைக்கிடும் உதவியையும் ஒருங்கே குறித்ததால், அறநெறியையும் ஈதலையும் சுட்டும் தர்மம் அதற்கு ஆழமான இணை. வடசொல் என்பதற்காக அதை விரட்டச் சொல்பவன் நானில்லை. என் குறை வேறு: பேச்சில் அது பிச்சைக்காசு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ‘அன்பளிப்பு’ கல்யாண மொய்க்குச் சரி.

ஈகை வாங்குகிறவனைத் தாழ்த்துகிறது என்று சிலர், பகிர்ந்து உதவி வாழ்தலைக் குறிக்கும் ‘ஒப்புரவு’ கேட்கிறார்கள். ஈ, தா, கொடு மூன்றில் ‘ஈ’ இழிந்தோன் கூற்று என்கிறது தொல்காப்பியம் என்பது அவர்கள் ஆதாரம். உண்மைதான். ஆனால் அந்த நூற்பா பேசுவது கேட்கிறவன் வாயைப் பற்றி. இல்லாதவன் கேட்கும் குரலிலிருந்து பெயர் பெற்ற செயல் ஈகை. கொடுக்கிறவன் பெருமையிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை. ஒப்புரவு அருமையான சொல். எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் ‘சமநிலை’ கேட்டதற்கு மிக நெருங்கியது. ஆனால் ‘தேவனோடே ஒப்புரவாகுங்கள்’ என்று, சமாதானமாதல் என்ற வேறு பொருளில் அது சபையில் நிலைத்துவிட்டது. கத்தோலிக்கருக்கு அது பாவமன்னிப்பு அருட்சாதனத்தின் பெயர். ‘ஒப்புரவு நிதி’ என்றால் யாருக்குப் புரியும்?

1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின், இந்நாட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கிடைப்பது கோயிலிலும் சபையிலும்தான். அங்கே காதில் விழும் சொல்லே அவர்களின் அகராதி. அந்தப் பொறுப்பை உணராமல், கைப்பேசி பெயர்த்துத் தரும் ‘கொடுத்தலின் ஆவி’யை அப்படியே அச்சிடுகிறார்கள். அது என்ன ஆவி? கொடுக்கும் மனம் என்றால் ஆகாதா?

ரசீதுப் புத்தகம் அச்சிடுவோர் இரண்டு தலைப்புகள் போடட்டும்: ஆராதனையில் படைப்பதற்குக் காணிக்கை, இல்லாதவருக்குக் கொடுப்பதற்கு ஈகை. ஈகைப் பக்கத்தில் கொடுத்தவர் பெயருக்கு இடம் விட வேண்டியதில்லை. ‘உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது’ என்பதும் அதே மத்தேயு 6தான்.