வாயை ஊதச் சொல்லும் வீடு

குடிநோய்க்காக என்னிடம் வரும் தம்பதியரிடம் நான் முதலில் கேட்பது, மாலையில் கணவர் வீட்டுக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்: லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், 19 நாட்களாகக் குடிக்காமல் இருந்தும், தினமும் வாசலிலேயே மனைவியிடம் வாயை ஊதிக் காட்ட வேண்டியிருந்தது. "குடிச்சாலும் அதே பேச்சு, குடிக்காட்டியும் அதே பேச்சு" என்றார். இருமுறை தாலிக்கொடியை அடகுக்குக் கொடுத்திருந்த அந்தப் பெண்ணின் சந்தேகத்திலும் தவறில்லை. அவர் குடித்ததற்கு அவள் காரணமும் இல்லை.

திமோத்தி ஓ'ஃபேரல் உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த நடத்தைசார் தம்பதியர் சிகிச்சை, இந்த ஐந்து நிமிடத்தையே கையில் எடுக்கிறது. பொதுவாக 12 முதல் 20 வாரங்கள் நடக்கும் இச்சிகிச்சையில், தினமும் குறித்த நேரத்தில் கணவர், நேற்றிலிருந்து தாம் குடிக்கவில்லை, இன்றும் குடிப்பதாக இல்லை என்று தாமாகவே சொல்ல வேண்டும். மனைவி அதற்கு நன்றி சொல்லி, நாட்காட்டியில் குறிக்க வேண்டும். பழைய குடிச் சண்டைகளையும் நாளைய பயங்களையும் ஆலோசனை அறைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். கணவனுக்கு நன்றி சொல்வது நம் வீடுகளில் நாடகம் போல ஒலிக்கும். அந்தப் பெண் காபி டம்ளரை வைத்துக்கொண்டே "சரி, சந்தோஷம்" என்றாள். அதுவே போதுமானதாக இருந்தது.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களுக்குள் வலிப்போ மனக்குழப்பமோ வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பு முதலில், பேச்சு பிறகு. கடுமையான அடிதடி நடக்கும் வீட்டில் தம்பதியரைச் சேர்த்து உட்காரவைக்க மாட்டேன். அங்கே மனைவியின் பாதுகாப்புதான் முதல் வேலை. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் மருந்துகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரையை விழுங்கியது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். உயிர் தப்பினாலும், அதன்பின் அந்த வீட்டுச் சோற்றை அவர் நம்பிச் சாப்பிடுவாரா?

அந்த லேத் தொழிலாளி ஏழாவது வாரத்தில் ஒருநாள் குடித்துவிட்டார். அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அவள் கேட்பதற்கு முன், "இன்னைக்குக் குடிச்சிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவள் நாட்காட்டியில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மறுநாள் காலையில் எனக்குத் தொலைபேசியில் பேசினாள்.