கறுப்பு மையே இல்லாமல் கறுத்த ஜாடி

பிளாரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரான்சுவா ஜாடி 66 செ.மீ. உயரம். ஒயினில் தண்ணீர் கலக்கும் பாத்திரம் அது. கி.மு. 570 வாக்கில் ஏதென்ஸில் எர்கோடிமோஸ் வனைந்தார், கிளைதியாஸ் வரைந்தார்; இருவர் பெயரும் அதிலேயே எழுதியிருக்கிறது. கிடைத்ததோ இத்தாலியில், கியூசி அருகே எட்ருஸ்கர் என்ற பண்டைய இத்தாலிய மக்களின் கல்லறை ஒன்றில், சில்லுசில்லாக. 1900-இல் அருங்காட்சியகக் காவலாளி ஒருவர் முக்காலியை வீசியதில் மறுபடி 638 துண்டானது!

சிவப்பு மண்ணில் கறுப்பு உருவங்கள் தீட்டிய இந்த வகை ஜாடியின் உடைந்த விளிம்பில் உள்ளே முழுக்கச் சிவப்பு, மேலே மயிரிழையைவிட மெல்லிய கறுப்புத் தோல். இரண்டும் இரும்பு மிகுந்த களிமண்தான். மண்ணை நிறைய நீரில் கரைத்து, பருமணல் அடியில் தங்கியதும் மேலே மிதக்கும் மிக நுண்ணிய துகள் கலந்த நீரை வடித்து வற்றவிடுவார்கள். கிடைக்கும் குழம்புதான் 'மை'. பாதி காய்ந்த ஜாடியில் அதைப் பூசி, முகம், ஆடை மடிப்பு போன்ற உள்கோடுகளைக் கூர்முனையால் கீறுவார்கள். பூசும்போது மண்ணுக்கும் மைக்கும் நிற வேறுபாடு சொற்பம். சுட்டபின் எப்படித் தெரியும் என்பதை மனத்தில் வைத்தே வரைய வேண்டும்.

மீதி வேலை தீயுடையது. முதலில் சூளையின் காற்றுத்துளைகளைத் திறந்துவைத்து 800 டிகிரி செல்சியஸ் அளவுக்கு எரிப்பார்கள், எல்லாமே சிவக்கும். பிறகு துளைகளை அடைத்துப் பச்சை விறகைப் போட்டு 900-ஐத் தாண்டுவார்கள். கார்பன் மோனாக்சைடு இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க, ஜாடி முழுதும் கறுக்கும். சூட்சுமமே இங்குதான்: பொட்டாசியம் கூடுதலாக உள்ள நுண்துகள் பூச்சு மட்டும் இந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். கடைசியில் துளைகளைத் திறந்து ஆறவிட்டால், நுண்துளைகள் நிறைந்த ஜாடி உடலுக்குள் காற்று புகுந்து மீண்டும் சிவக்கும். இறுகிய பூச்சுக்குள் காற்று நுழையாது. அது கறுப்பாகவே நிற்கும்.

வெப்பமானி கிடையாது. பூச்சு தடவிய துளையிட்ட ஓட்டுச்சில்லை உள்ளே வைத்து, கம்பியால் கொக்கிபோட்டு இழுத்துப் பதம் பார்த்தார்கள். சூடு குறைந்தாலோ பூச்சு மெலிந்தாலோ பூச்சு சரியாக இறுகாது. கடைசிக் கட்டத்தில் கறுப்பு செம்பழுப்பாகத் திரும்பிவிடும். சூடு மிஞ்சினால் உடலும் இறுகி, சிவக்காமல் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய கிண்ணங்களில் முட்டிய இடத்துக்குப் புகை போய்ச்சேராமல் சிவப்பு வட்டம் விழும். அருங்காட்சியகக் கிண்ணங்களின் உட்புறத்தில் அந்த வட்டத்தை இன்றும் பார்க்கலாம்.