லேப்டாப்புல ஒட்டாத இயர்பட்ஸ்: உள்ள இன்னாதான் நடக்குது?

போன்ல சூப்பரா பாடற இயர்பட்ஸ் லேப்டாப்புக்கு வந்தா மட்டும் அடம் புடிக்கும். கனெக்டிங், கனெக்டிங்னு சுத்திகினே இருக்கும், அப்புறம் முடியலன்னு கையை விரிச்சிடும். காட்பாடி ஹாஸ்டல் புள்ளைங்கள்ல ஆரம்பிச்சு சத்துவாச்சாரில வீட்டுலயே உக்காந்து ஐடி வேலை பாக்கறவங்க வரைக்கும் இதே புலம்பல்தான். உடனே பட்ஸ் பூட்ச்சு, துட்டு தண்டம்னு முடிவு பண்ணிடறாங்க. நிறைய நேரம் பட்ஸ் நல்லாத்தான் இருக்கும், அது அந்நேரம் வேற ஒரு ஆள்கிட்ட பேசிகினு இருக்கும், இல்லன்னா உங்க லேப்டாப்பை யாருன்னு தெரியாம முழிச்சிகினு இருக்கும்.

மொதல்ல ஒண்ணு. பேர் (pair) பண்றது, அதாவது ஜோடி சேக்கறது வேற, கனெக்ட் பண்றது வேற. பேரிங் ஒரு தடவை நடக்கற விஷயம், பட்ஸும் லேப்டாப்பும் கூடி 128 பிட் நீளத்துல ஒரு ரகசிய கீ உண்டாக்கி, ஆளுக்கு ஒரு காப்பியா தங்கிட்ட எழுதி வச்சிக்கும். அப்புறம் தினமும் நடக்கறது கனெக்ஷன் மட்டும்தான். அந்த கீ ஒத்துப்போவுதான்னு பாக்கும், போனா ஓக்கே, இல்லன்னா கிளம்புன்னு சொல்லிடும்.

இப்ப கேஸ் மூடியை தொறக்கறீங்க. பட்ஸ் முழிச்ச உடனே உங்க லேப்டாப்பை தேடாது, பெரும்பாலான மாடல்ல கடைசியா யார்கூட பேசுச்சோ அவங்களைத்தான் கூப்பிடும். அது போன். போன் பக்கத்து ரூம்ல சார்ஜ்ல கிடந்தாலும் சரி, ப்ளூடூத் ஆன்ல இருந்தா போதும், கண் இமைக்கறதுக்குள்ள போய் ஒட்டிக்கும். மல்டிபாயின்ட், அதாவது ஒரே நேரத்துல ரெண்டு ஆள்கூட ஒட்டிக்கற வசதி இல்லாத பட்ஸா இருந்தா அதுக்கப்புறம் லேப்டாப் எவ்ளோ கத்தினாலும் காது குடுக்காது. அதனால ப்ளூடூத் சிப்பை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேரை நோண்டறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற எல்லா போன்லயும் ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிட்டு ஒரு தரம் பாருங்க. நிறைய பேருக்கு கதை இங்கயே முடிஞ்சிடும்.

புதுசா பேர் பண்றவங்களுக்கு வேற பிரச்சனை, லிஸ்ட்ல பேரே வராது. பட்ஸ் எப்பவும் தன் பேரை வெளிய சொல்லிகினு இருக்காது, பேரிங் மோடுல இருக்கும்போது மட்டும்தான் யாராவது தேடினா நான் இங்க இருக்கேன்னு பதில் சொல்லும். அதுக்கு கேஸ்ல இருக்கற பட்டனை, இல்லன்னா பட்ஸையே சில செகண்டு அமுக்கி புடிக்கணும், லைட்டு வேகமா மின்னணும். எவ்ளோ நேரம்னு மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த பேப்பரை பாத்துக்கோங்க. லேப்டாப் ஒரு ரவுண்டு முழுசா தேடி முடிக்க 10 செகண்டுக்கு மேலயே ஆவும், அதனால ரெண்டு செகண்டுல பேர் வரலன்னு மூடிட்டு மறுபடி தொறக்கறவங்களுக்கு அது வராமலே போவலாம்.

சரி, பேர் பண்ணியாச்சு, போன மாசம் வரைக்கும் வேலையும் செஞ்சது, இப்ப திடீர்னு மாட்டேங்குதா? அப்ப சந்தேகம் அந்த கீ மேலதான். ஒரு பக்கம் கீ அழிஞ்சு போயி இன்னொரு பக்கம் மட்டும் பழசை வச்சிகினு இருந்தா ரெண்டுக்கும் ஒத்துப்போவாது. ஹாஸ்டல்ல ஒரே பட்ஸ் ரூம் பூரா சுத்தும், பட்ஸோட மெமரில இத்தனை டிவைஸ்தான்னு ஒரு அளவு இருக்கு, அது தாண்டினா பழைய ஆளோட கீயை தூக்கி போட்டுடும், ஆனா அந்த பழைய லேப்டாப்புக்கு விஷயமே தெரியாது.

இதைவிட ஜோரான கதை ஒண்ணு இருக்கு, இன்ஜினியரிங் புள்ளைங்க ஒரே லேப்டாப்புல விண்டோஸும் உபுன்டுன்னு இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் சேத்து போட்டு வச்சிருப்பாங்க இல்ல, அவங்களோடது. ப்ளூடூத் சிப் ஒண்ணுதான், அதோட 48 பிட் அட்ரஸும் ஒண்ணுதான், அதனால பட்ஸ் பார்வைல அது ஒரே ஆளு. உபுன்டுல போய் பேர் பண்ணினா பட்ஸ் அந்த அட்ரஸுக்கு புது கீ எழுதிடும், மறுபடி விண்டோஸுக்கு வந்தா அது பழைய கீயை நீட்டும், பட்ஸ் யார்றா நீன்னு கேக்கும். விண்டோஸ்ல சரி பண்ணா உபுன்டுல போயிடும், உபுன்டுல சரி பண்ணா விண்டோஸ்ல போயிடும். ஒரு பக்கத்து கீயை எடுத்து இன்னொரு பக்கம் எழுதி வச்சாதான் இது தீரும், கொஞ்சம் தலைவலி புடிச்ச வேலை, இருந்தாலும் முடியும். மத்தவங்களுக்கு அவ்ளோ கஷ்டம் இல்ல, லேப்டாப் செட்டிங்ஸ்ல ரிமூவ் டிவைஸ் குடுங்க, பட்ஸையும் ரீசெட் பண்ணுங்க, புதுசா பேர் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் பண்ணணும், ஒரு பக்கம் மட்டும் பண்ணிட்டு சரியாவலன்னு சொல்லக்கூடாது.

ஒட்டுது ஆனா விட்டு விட்டு போவுதுன்னா காத்துல இருக்கற கூட்டத்தை பாக்கணும். ப்ளூடூத் ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, வைஃபையும் அங்கதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கதான். இந்த நெரிசல்ல பொழைக்கறதுக்கு ப்ளூடூத் அந்த இடத்தை 79 சேனலா பிரிச்சு, செகண்டுக்கு 1600 தடவை வரைக்கும் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு தாவிகினே இருக்கும், எந்த வரிசைல தாவறதுன்னு அந்த ஜோடிக்கு மட்டும் தெரியும், மோசமான சேனலை விட்டுட்டு தாவற புத்தியும் 2003ல இருந்து இருக்கு. காலைல காட்பாடில இருந்து மெட்ராஸ் போற ரயில்ல ஒரு பெட்டில எத்தனை பேர் காதுல மாட்டிகினு வராங்க, ஒருத்தர் பாட்டு இன்னொருத்தர் காதுல விழறதில்லையே! ஆனா நிறைய லேப்டாப்புல வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே சிப்தான், அதனால 2.4ல பெரிய டவுன்லோட் ஓடும்போது பாட்டு திக்கும், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினா சரியாயிடும். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் சொருவி இருந்தா அதையும் கழட்டி பாருங்க, அதோட கேபிள்ல ஓடற வேகமான சிக்னல் இதே 2.4 பக்கம் இரைச்சல் கிளப்பும்.

கனெக்டட்னு காட்டுது, சத்தம் மட்டும் லேப்டாப் ஸ்பீக்கர்ல வருதா? சவுண்ட் அவுட்புட்ல பட்ஸை செலக்ட் பண்ணுங்க, அவ்ளோதான். ஆனா மீட்டிங் ஆரம்பிச்ச உடனே பாட்டெல்லாம் பழைய டிரங்கால் மாதிரி ஆவுதே, அது ரிப்பேர் இல்ல. பாட்டு கேக்க ஏ2டிபின்னு ஒரு வழி, அதுல சத்தம் லேப்டாப்புல இருந்து பட்ஸுக்குன்னு ஒரே திசைல, ஸ்டீரியோல வரும். மைக்கும் வேணும்னா ஹேண்ட்ஸ் ஃப்ரீன்னு இன்னொரு வழிக்கு மாறணும். சிஎம்சி ஆஸ்பத்திரி முன்னாடி இருக்கற மாதிரி ஒரு ரோட்டை ஒன்வேல இருந்து டூவேயா மாத்தினா ஒவ்வொரு பக்கத்துக்கும் எவ்ளோ இடம் மிஞ்சும், அந்த கதைதான். ஸ்டீரியோ போயி மோனோ ஆவும், செகண்டுக்கு 44,100 தடவை அளந்த சத்தத்தை பெரும்பாலும் 8,000, இல்ல 16,000 தடவைதான் அளக்கும். மீட்டிங்ல மைக்கா லேப்டாப்போட சொந்த மைக்கை வச்சிகினா பட்ஸ் பழையபடி ஸ்டீரியோலயே ஓடும். 2020ல அறிவிச்ச எல்ஈ ஆடியோங்கற புது ப்ளூடூத் முறை இந்த தொல்லையை தீக்கவும் வழி பண்ணுது, ஆனா லேப்டாப், பட்ஸ் ரெண்டுலயும் அது இருக்கணும்.

செட்டிங்ஸ்ல ப்ளூடூத் பட்டனே காணோம்னா லேப்டாப் சிப்பே தூங்கிடுச்சுன்னு அர்த்தம். ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணேன்னு சொல்லுவாங்க, ஆனா விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன்ல டிரைவர் நிலைமையை அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சிட்டு திரும்ப எடுத்துக்கும், கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் குடுத்தாதான் புதுசா ஆரம்பிக்கும்.

ஒரு காது மட்டும் வந்தா கேஸ் உள்ள டார்ச் அடிச்சு பாருங்க. நம்ம ஊரு வெயில்ல வேர்வை உப்பு பட்டு அந்த குட்டி சார்ஜிங் பின் மேல பச்சையா களிம்பு புடிச்சு கிடக்கும், அப்ப அந்த பட் சார்ஜும் ஏறாது, கேஸுக்குள்ள இருக்கமா வெளிய இருக்கமான்னும் அதுக்கு புரியாது. காட்டன் பட்ஸ்ல கொஞ்சம் ஸ்பிரிட்டு தொட்டு தொடச்சு, காய விட்டு போடுங்க.

இத்தனையும் பண்ணி வரலன்னா பட்ஸை ஃப்ரெண்டு லேப்டாப்புல பேர் பண்ணி பாருங்க. அங்க ஒட்டுச்சுன்னா கோளாறு பெரும்பாலும் உங்க லேப்டாப்போட ப்ளூடூத் கார்டுல, அதுக்கு ஒரு சின்ன யூஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் போதும், புது பட்ஸ் வாங்க வேணாம். டாங்கிளை யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் பக்கத்துல சொருவாதீங்க.