தந்தியை வளைக்கத் தோதான கிட்டார்

ப்ளூஸ் என்னும் கறுப்பின அமெரிக்கர்களின் இசையை வாசிப்பவர்களுக்கென்று சில டஜன் மின்கிட்டார்கள் மட்டும் செய்யப்போகும் ஒருவர், மரத்தையும் வண்ணத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது தந்தி பக்கவாட்டில் எவ்வளவு நகரும் என்பதுதான் முதல் கேள்வி. ப்ளூஸின் உயிரே தந்தியை விரலால் தள்ளிச் சுருதியை ஏற்றுவதில் இருக்கிறது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் பிரெட்டுகள். இரண்டு பிரெட் அளவுக்கு ஏற்றினால் அதிர்வெண் 12 சதவீதம் கூடுகிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். அதைக் கூட்டித் தருவது விரல் நுனிதான்.

எனவே தந்தியின் நீளம் முக்கியம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிரும் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். கிப்சன் லெஸ் பாலில் சுமார் 628. இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒரே தந்தியை ஒரே சுருதிக்குச் சேர்த்தால், குட்டை நீளத்தில் இழுவிசை 6 சதவீதம் குறைவு. மணிக்கணக்கில் வாசிப்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

நான் அதிகம் மெனக்கெடச் சொல்வது விரல்பலகையின், அதாவது பிரெட்டுகள் பதிந்த கழுத்துப் பலகையின், வளைவில். பழைய ஃபெண்டர்களில் அதன் ஆரம் 184 மில்லிமீட்டர். நன்றாகக் குவிந்த பலகை, கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) பிடிக்கக் கைக்கு இதம். ஆனால் 15ஆம் பிரெட்டுக்கு மேல் முதல் தந்தியை நடுப்பக்கம் தள்ளிப் பாருங்கள். விரலுக்கடியில் தந்தி மேட்டில் ஏறிவிடுகிறது. உடலின் மேல் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள முனையோ ஓரத்திலேயே தாழ்வாக நிற்கிறது. இடையில் இருக்கும் பிரெட்டுகளில் தந்தி உரசி, ஸ்வரம் பாதியில் செத்துவிடும். தந்தியை உயர்த்தி வைத்தால் உரசாது, அழுத்துவதுதான் கஷ்டம். கழுத்தின் நுனியில் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் நட்டின் பக்கம் குவிந்தும், உடலை நெருங்க நெருங்கத் தட்டையாகியும் வரும் பலகையே நல்ல தீர்வு. கணிதப்படி அது கூம்பின் மேற்பரப்பு. தந்திகளும் நட்டில் நெருங்கி பிரிட்ஜில் விரிவதால் இரண்டும் இயல்பாகப் பொருந்துகின்றன. குறைந்த எண்ணிக்கையில் செய்வதன் பலனும் இங்கேதான் தெரியும்: ஒவ்வொரு பிரெட்டிலும் தந்தியை வளைத்துக் கேட்டு, உரசும் இடத்தைக் கையாலேயே தேய்த்துச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கும் இதே கேள்விதான். காந்தத்தின் மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்பாயம் மாறி, செம்புச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. தந்திக்கு ஒன்றாகத் தனித்தனிக் காந்தம் இருந்தால், வளைத்த தந்தி தன் காந்தத்தை விட்டு விலகி ஒலி சற்று அடங்கலாம். குறுக்கே நீளும் ஒரே பட்டையாக வைத்தால் அந்தக் குறை இல்லை. சுருளில் சுற்றுகளைக் கூட்டினால் ஒலி பலக்கும். கூடவே தூண்டலும் (மின்னோட்டம் வேகமாக மாறுவதை எதிர்க்கும் தன்மை) ஏறி, உச்ச ஒலிகள் மங்கும். கரகரப்பும் தெளிவும் சேர்ந்து வேண்டும் ப்ளூஸுக்கு மிதமான சுற்றுகளே நல்லது என்பேன்.

ஒலியைக் கூட்டி வாசித்தால், ஒலிபெருக்கியின் சத்தத்தில் தானும் அதிர்ந்து உள்ளீடற்ற உடல் ஊளையிடும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்குக்காக கிப்சன் 1980இல் கொண்டுவந்த லூசில் மாடலில் உடலின் ஒலித்துளைகளையே எடுத்துவிட்டதற்கு அதுதான் காரணம்.

கடைசியாக நட். வளைத்துவிட்ட தந்தி அதன் பள்ளத்தில் சிக்கினால் பழைய சுருதிக்குத் திரும்பாது. பள்ளம் தந்தியின் தடிமனைவிட ஒரு மயிரிழை அகலமாக, வழவழப்பாக இருக்க வேண்டும்.